போகிக்கு 16 நாள்: நாமே பெயிண்ட் அடிக்கும்போது எந்த வேலையை விடலாம், எதை விடக் கூடாது? (இணைய விவாதம். கொல்லைப்பக்கம், நீர்மட்டம், உப்புத்தாள், வேப்பங்கொழுந்து என்பவை எழுதுகிறவர்களின் புனைபெயர்கள்.)

கொல்லைப்பக்கம்:

மயிலாடுதுறை பக்கம், 1989-ல கட்டின வீடு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம். போகிக்கு 16 நாள்தான் இருக்கு. பெயிண்டர் யாரும் தை பிறக்கிற வரைக்கும் கிடைக்க மாட்டாங்க. நானும் தம்பியும் சேர்ந்து அடிச்சிடலாம்னு இருக்கோம். ஆனா முழு முறையா செஞ்சா நாள் பத்தாது. எதைக் குறைக்கலாம்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இப்ப இருக்கிற நிலை:

ஹால் 12-க்கு 14 அடி, உயரம் 10. எட்டு வருஷத்துக்கு முந்தி எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கிற பெயிண்ட்) அடிச்சது. பெயிண்ட் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. ஆணி ஓட்டை, மயிரிழை விரிசல், சாமி மாடத்துக்கு மேல புகைக்கறை, இவ்வளவுதான் குறை.

பின்னறை 10-க்கு 12. இதுல ஆரம்பத்துல இருந்தே சுண்ணாம்புதான், அடுக்கடுக்கா. சாஞ்சா சட்டையில வெள்ளை ஒட்டும். அந்த அறையோட மேற்குச் சுவர்ல தரையில இருந்து ரெண்டடி உயரத்துக்கு உப்பு பூத்து, பூச்சு பொருபொருன்னு உதிருது.

ஜன்னல், கதவெல்லாம் மரம். பச்சை எனாமல் (பளபளப்பான எண்ணெய் பெயிண்ட்). கடைசியா எப்ப அடிச்சதுன்னு அம்மாவுக்கே ஞாபகம் இல்ல.

நாங்க யோசிச்சு வச்சிருக்கிற குறுக்கு வழி: பிரைமர் (பெயிண்டுக்கு அடியில அடிக்கிற கோட்) வேண்டாம். சுண்ணாம்பைச் சுரண்டாம அது மேலயே எமல்ஷன். உப்பு பூத்த இடத்துல ரெண்டு தடவ பட்டி (ஓட்டை, மேடு பள்ளம் அடைக்கிற களி) வச்சு மேல ஓதம் (சுவர்ல ஏறுற ஈரம்) தடுக்கிற பெயிண்ட். ஜன்னல்ல தேய்க்காம ஒரே கோட் எனாமல். இதுல எது சரி, எது தப்பு?

---

நீர்மட்டம்:

முதலில் பின்னறை. நீங்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளப் போவது அங்கேதான்.

சுண்ணாம்பின் மேல் நேராக எமல்ஷன் அடிக்காதீர்கள். அந்தச் சுவரில் மேலாக இருப்பது வெறும் பொடி. உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளை வருகிறது என்றால் பெயிண்ட் பிடிப்பது சுவரை அல்ல, அந்தப் பொடியைத்தான். எமல்ஷன் காயும்போது கொஞ்சம் சுருங்கும். சுருங்குகிற படலம் பொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மூலையிலிருந்து அப்பளம் மாதிரி கிளம்பும். பல நேரம் அவ்வளவு நாள்கூடப் பொறுக்காது. முதல் இழுப்பில் ரோலரின் ஈரத்தில் சுண்ணாம்பு ஊறும், இரண்டாவது இழுப்பில் பெயிண்டோடு உருண்டு ரோலரிலேயே ஒட்டிக்கொள்ளும். தோசை மாவு காய்ந்த கரண்டி போல ரோலர் ஆகிவிட்டால் அந்தச் சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் மீட்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் செலோ டேப்பை ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப் முழுக்க வெள்ளை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அங்கே எமல்ஷன்தான் வேண்டும் என்றால் வேலை இப்படி. சுவரில் தண்ணீர் தெளித்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நாலு அங்குலப் பட்டித் தகட்டால் சுரண்ட வேண்டும். காய்ந்தபடி சுரண்டினால் வீடு முழுக்கத் தூசி பறக்கும், ஈரத்தில் அது களியாக வழித்துக்கொண்டு வரும். பிறகு கழுவி, முழுக்கக் காயவிட்டு, தின்னரில் கலக்கும் சிமென்ட் பிரைமர் ஒரு கோட். தண்ணீர்ப் பிரைமர் இங்கே வேண்டாம், மிச்சமிருக்கும் பொடிக்குள் இறங்கி அதைக் கட்டிப் பிடிக்கிற வலு அதற்குக் குறைவு. அதன் மேல் பட்டி, உப்புத்தாள், மறுபடி பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். நாலு சுவரும் சேர்ந்து கதவு ஜன்னல் போக ஏறக்குறைய 390 சதுர அடி வரும். இரண்டு பேருக்குச் சுரண்டலே இரண்டு முழு நாள். மார்கழி ஈரத்தில் கழுவிய சுவர் காய இன்னும் நாலைந்து நாள். உங்கள் 16 நாளை இந்த ஓர் அறையே தின்றுவிடும்.

எனவே நான் சொல்வது: பின்னறைக்கு இந்த வருஷமும் சுண்ணாம்பே அடியுங்கள். இதுதான் நேர்மையான குறுக்கு வழி.

போகிக்கு முன்னால் வெள்ளையடிக்கும் பழக்கம் சுண்ணாம்புக் காலத்தது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. மார்கழியில் வானம் வெளுத்தாலும் சுவருக்குள் ஈரம் இருக்கும். சுண்ணாம்புக்கு அது தொந்தரவே இல்லை. அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாக இறுகும், அப்படி இறுகக் கொஞ்சம் ஈரமும் தேவை. இறுகிய பிறகும் சுவரின் ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் பிளாஸ்டிக் படலம். ஈரச் சுவரை அது மூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொப்புளமாகத் தள்ளும். பெயிண்ட் மாறிவிட்டது, நாம் அடிக்கும் மாதம் மட்டும் மாறவில்லை.

சுண்ணாம்பு அளவு: ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். உங்கள் அறைக்கு இரண்டு கோட்டுக்கு 4 கிலோ வாங்குங்கள். நீற்றி (தண்ணீரில் போட்டுப் பொடிந்து கரையவிட்டு), ஒரு நாள் முழுக்க (24 மணி நேரம்) ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் அடித்தால் நீறாத குருணை சுவரில் உட்கார்ந்து, பின்னால் ஈரம் பட்டு ஊதி, சின்னச் சின்னப் பொத்தலாகத் தெறிக்கும். கோந்து, 10 லிட்டர் கரைசலுக்கு 40 கிராம் வீதம், வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் சட்டையில் ஒட்டுகிறது என்று குறைப்படுகிறார்கள். வெள்ளை பளிச்சென்று தெரிய நீலப் பொடி, கிலோவுக்கு 3 கிராமுக்கு மேல் போகக் கூடாது. போனால் அறை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

சுவரில் பக்குவிட்டு நிற்கும் பழைய சுண்ணாம்பை மட்டும் தட்டி எடுங்கள், மற்றதை விளக்குமாற்றால் கூட்டினால் போதும். அடிக்கும் முன் சுவரை நனையுங்கள். முதல் கோட்டை மேலும் கீழுமாகவும், அது காய்ந்ததும் அடுத்த கோட்டைக் குறுக்காகவும் இழுங்கள். ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு கண்ணாடி மாதிரிதான் தெரியும், அடித்த மாதிரியே இருக்காது. புதிதாக அடிக்கிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்து அதே இடத்தில் நாலு தடவை பூசிவிடுவார்கள். அந்தத் தடிப்புதான் பிறகு செதில் செதிலாக உதிர்வது. மோர் பதத்தில் கலக்கி, மெல்லிசாக இழுத்துவிட்டு, மறுநாள் காலை வந்து பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எமல்ஷன் அடித்த ஹாலில் சுண்ணாம்பு பிடிக்காது. அது சுண்ணாம்புச் சுவருக்கும் வெறும் பூச்சுச் சுவருக்கும் மட்டும்.

---

உப்புத்தாள்:

நீர்மட்டம் சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். நான் ஹாலுக்கு வர்றேன். அங்கதான் நிஜமாவே நிறைய வேலையைக் குறைக்கலாம், தைரியமா குறைங்க.

பிரைமர்: பழைய எமல்ஷன் நல்லா பிடிச்சிருந்து, அதே வகை எமல்ஷன்தான் திரும்பவும் அடிக்கப் போறீங்கன்னா முழுச் சுவருக்கும் பிரைமர் தேவையே இல்ல. பட்டி வச்ச இடத்துக்கு மட்டும் தொட்டு வச்சா போதும். ஆனா அந்தத் தொட்டு வைக்கிறதை விடாதீங்க. காய்ஞ்ச பட்டி பெயிண்ட்ல இருக்கிற தண்ணியை உறிஞ்சிடும், சுத்தி இருக்கிற பழைய பெயிண்ட் உறிஞ்சாது. ரெண்டும் வேற வேற மினுமினுப்புல காயும். சாயங்காலம் டியூப் லைட் போட்டதும் ஒவ்வொரு ஆணி ஓட்டையும் தேமல் மாதிரி தெரியும். மேல எத்தனை கோட் போட்டாலும் அது சீக்கிரம் மறையாது.

பட்டி: முழுச் சுவருக்கும் பட்டி பார்க்கணும்னு அவசியம் இல்ல. ஓட்டை, விரிசல் மட்டும் அடைங்க. இதுக்கு ஒயிட் சிமென்ட் பட்டி மூட்டை வாங்காதீங்க. அது வெறும் பூச்சு மேல நல்லா பிடிக்கும், வழவழப்பான எமல்ஷன் மேல பிடிக்காது. கலந்தா ரெண்டு மூணு மணி நேரத்துல இறுகியும் போகும். டப்பாவுல களி மாதிரி ரெடியா வர்ற அக்ரிலிக் பட்டி ஒரு கிலோ வாங்கினா உங்க ஹாலுக்கு மிச்சம் ஆகும்.

விரிசலை அப்படியே மேல தடவி மூடாதீங்க. தகட்டோட மூலையால விரிசல் நெடுக ஒரு கீறு கீறி, மூணு நாலு மில்லி அகலத்துக்கு வாய் விரிச்சு விடுங்க. பிரஷ்ஷால தூசியைத் தட்டி, பிரைமரை உள்ள தடவி, அது காய்ஞ்சதும் பட்டியை அழுத்தி வழிங்க. ஒரே தடவையில ஆழமா அடைச்சா காயும்போது நடுவுல குழி விழும். முதல் நாள் ஒரு தடவ, மறுநாள் இன்னொரு தடவ. பீமும் சுவரும் சேர்ற இடத்துல நேர்கோடா ஓடுற விரிசல்னா பட்டி மட்டும் நிக்காது. மெஷ் டேப் (வலை மாதிரி இருக்கிற டேப்) ஒட்டி அது மேல வழிக்கணும். வெயிலுக்கும் குளிருக்கும் கான்கிரீட்டும் செங்கலும் ஒரே அளவா அசையாது, அதான் காரணம்.

தேய்க்க 180 நம்பர் உப்புத்தாள், கடைசியா 220. ஒரு மரக்கட்டையில சுத்திப் பிடிச்சுத் தேய்ங்க. வெறும் விரலால தேய்ச்சா விரல் பட்ட இடம் பள்ளமாகும். செல்போன் டார்ச்சை சுவரோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிச்சா மேடு பள்ளம் நிழலா தெரியும்.

கழுவுறது: இதை விட்டுடலாம்னு எல்லாரும் நினைப்பாங்க, விடக் கூடாது. சாமி மாடத்துக்கு மேல இருக்கிறது கரி மட்டும் இல்ல, எண்ணெயும் சேர்ந்தது. தண்ணி பெயிண்ட் அங்க ஒட்டாம விலகி விலகிப் போகும், இல்லன்னா ரெண்டு நாள்ல மஞ்சளா மேல ஊறி வரும். சோப்புத்தூள் தண்ணியில ரெண்டு தடவ தேய்ச்சு, நல்ல தண்ணியில துடைச்சு, காய்ஞ்சதும் அந்த இடத்துக்கு மட்டும் தின்னர்ல கலக்குற பிரைமர் ஒரு கை. குழந்தைங்க ஸ்கெட்ச் பேனாவுல கிறுக்கின இடத்துக்கும் இதேதான். எமல்ஷனை எத்தனை கோட் அடிச்சாலும் மை மேல வந்துடும்.

எத்தனை கோட்: இப்ப இருக்கிற நிறத்துக்குப் பக்கத்து நிறமா எடுத்தா ஒரு கோட்லயே முடிக்க வாய்ப்பு இருக்கு. இருக்கிறதுலயே பெரிய குறுக்கு வழி அதுதான், கடையில நிறம் எடுக்கும்போதே செஞ்சுடலாம். பழைய சுவர் அடர் நிறமா இருந்து வெளிர் நிறம் எடுத்தீங்கன்னா ரெண்டு கட்டாயம், மூணும் ஆகலாம். தண்ணி குறைச்சு ஒரே கோட்டா தடியா அடிச்சுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வழியும், மேல தோல் காய்ஞ்சு உள்ள காயாம நிக்கும்.

அளவு: கதவு, ஜன்னல் கழிச்சு உங்க ஹால் சுவர் 440 சதுர அடி கிட்ட வரும். லிட்டருக்கு ரெண்டு கோட்டுக்கு 110 சதுர அடின்னு வச்சா 4 லிட்டர். ஒரே டப்பாவா வாங்குங்க. ரெண்டு ரெண்டு லிட்டரா வாங்கினா பெரிய வாளியில கொட்டி ஒண்ணாக் கலந்துட்டு ஆரம்பிங்க. ஒரே நம்பர் நிறம்னாலும் மெஷின்ல கலக்கும்போது நூல் வித்தியாசம் வரும், அது சுவரோட நடுவுல தெரியும். தண்ணி எவ்வளவுன்னு டப்பாவுலயே போட்டிருப்பாங்க. ரகத்தைப் பொறுத்து லிட்டருக்கு 400-ல இருந்து 650 மில்லி வரைக்கும் மாறும். அளந்து ஊத்துங்க, கண் அளவு வேண்டாம்.

அடிக்கிறது: ஸ்விட்ச் போர்டைச் சுத்தி டேப் ஒட்ட உட்கார்ந்தா அரை நாள் போயிடும். எம்சிபி-யை (கரன்ட்டை நிறுத்துற சுவிட்சை) இறக்கிட்டு போர்டு மூடியோட திருகைக் கழட்டி ஒரு பாலிதீன் பையில போட்டு வச்சிடுங்க. ஒரு போர்டுக்கு ரெண்டு நிமிஷம். டேப் தேவைப்படறது தரையோர டைல்ஸுக்கும் கதவு நிலைக்கும்தான். அதையும் கடைசி கோட் அரை ஈரமா இருக்கும்போதே சாய்வா உரிச்சிடணும். ரெண்டு நாள் விட்டா பெயிண்டையும் சேர்த்துக் கிழிச்சிக்கிட்டு வரும்.

மூலை, ஓரமெல்லாம் ரெண்டு அங்குல பிரஷ்ஷால ஒரு ஆள் அடிச்சுக்கிட்டே போகணும், அது காயறதுக்குள்ள இன்னொரு ஆள் ரோலரோட பின்னாடியே வரணும். நீங்க ரெண்டு பேரு, இதுக்கு அளவு சரி. நாலு சுவருக்கும் முதல்ல ஓரம் மட்டும் அடிச்சு முடிச்சுட்டு அப்புறம் ரோலர் எடுத்தா ஓரமெல்லாம் போட்டோ பிரேம் மாதிரி தனியா தெரியும். ஒரு சுவரைத் தொட்டா முடிச்சிட்டுத்தான் டீ. அடிக்கும்போது ஃபேன் வேண்டாம், ஈர ஓரம் சீக்கிரம் காய்ஞ்சு கோடு விழும். ஜன்னல் திறந்திருந்தா போதும்.

மழை பெய்யற அன்னைக்கு அடிக்காதீங்க. காத்துல ஈரம் அதிகமா இருந்தா எமல்ஷன் தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா படலம் சேர்ந்திருக்காது. அடர் நிறத்துல சோப்பு வழிஞ்ச மாதிரி பிசுபிசுப்பா கோடு இறங்கும். இறங்கிடுச்சுன்னா பயப்பட வேண்டாம், ஒரு வாரம் கழிச்சு ஈரத்துணியால மெதுவா துடைச்சா போயிடும்.

ராத்திரி ரோலரைக் கழுவ வேண்டாம். பாலிதீன் கவர்ல காத்து போகாம இறுக்கிச் சுத்தி வச்சா காலையில அப்படியே எடுத்து அடிக்கலாம். எனாமல் பிரஷ்ஷா இருந்தா முடி மட்டும் தண்ணிக்குள்ள முங்குற மாதிரி தொங்க விடுங்க. காலையில உதறித் துடைச்சிட்டு வேலையை ஆரம்பிக்கலாம், தின்னர் மிச்சம்.

---

வேப்பங்கொழுந்து:

ஜன்னல் விஷயத்தை யாரும் தொடவில்லை. இது பெயிண்ட் உரிவதைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 அன்று. அதற்கு முன்னால் அடித்த எனாமலில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே காய்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள், மின்சார சாண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நெருப்பு காட்டி உரிக்கவும் வேண்டாம். அதற்காகத் தேய்க்காமலேயே அடிக்கவும் முடியாது. வழவழப்பான பழைய எனாமல் மேல் புது எனாமல் நிற்காது, நகம் பட்டால் தோலாக உரியும். வழி இதுதான்: கீழே பாலிதீன் விரியுங்கள். சோப்புத் தண்ணீரில் பிசுக்கைக் கழுவுங்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு எமரி தாள், 220 நம்பர், அதை நனைத்து நனைத்து பளபளப்பு மங்கும் வரை மட்டும் தேயுங்கள். மரம் தெரிய வேண்டியதில்லை. பழைய பெயிண்ட் உறுதியாகப் பிடித்திருந்தால் அதை அங்கேயே விட்டு மேலே மூடுவதுதான் பாதுகாப்பு. வருகிற பச்சைச் சேற்றை ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிப் போடுங்கள். விளக்குமாற்றால் கூட்டினால் காய்ந்த பிறகு தூசியாகக் கிளம்பும். முகத்துக்கு வெறும் துணி போதாது, என்95 மாஸ்க் போடுங்கள். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் அந்த இரண்டு நாள் வேறு இடத்தில் இருக்கட்டும்.

மங்கிய பழைய எனாமல் மேல் அதே நிறம் என்றால் பிரைமர் இல்லாமல் ஒரு கோட் போதும். இங்கே உங்கள் குறுக்கு வழி சரி. மரம் வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் மரத்துக்கான பிரைமர் தொடுங்கள். இரும்புக் கம்பி துரு பிடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு (இரும்புக்கான பிரைமர்). மறுநாள் என்று தள்ளினால் இரவுப் பனியில் மறுபடி துரு பூக்கும்.

இன்னொன்று. உளுத்துப்போன ஜன்னல் கதவு, உடைந்த பலகை என்று பெயிண்ட் அடித்த கட்டை எதையும் போகி நெருப்பில் போடாதீர்கள். ஈயம் புகையாகவும் சாம்பலாகவும் வாசலிலேயே தங்கும், அதைச் சுற்றித்தான் பிள்ளைகள் கொட்டு அடித்துக்கொண்டு நிற்பார்கள்.

---

கொல்லைப்பக்கம்:

ரொம்ப நன்றி. ஹாலுக்கும் ஜன்னலுக்கும் தெளிவாயிடுச்சு. பின்னறைக்குச் சுண்ணாம்புன்னு முடிவு பண்ணிட்டோம், அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

ரெண்டு கேள்வி. முதல் கோட் எமல்ஷன்ல தண்ணி அதிகமா கலந்து அடிச்சா அதுவே பிரைமர்னு கடையில சொல்றாங்க, நிஜமா?

ரெண்டாவது, உப்பு பூத்த மேற்குச் சுவர். அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம்தான் துவைக்கிற கல்லும் அடிபம்பும் இருக்கு. வருஷா வருஷம் மண் கொட்டி மேடாகி, இப்ப வெளித்தரை உள்தரையை விட அரை அடி உசரம். ஓதம் தடுக்கிற பெயிண்ட் உள்பக்கம் அடிச்சா சரியாகுமா?

---

உப்புத்தாள்:

முதல் கேள்விக்கு: உங்க ஹால் மாதிரி பழைய எமல்ஷன் சுவருக்கு அது ஒண்ணும் கெடுதல் இல்ல, ஆனா அங்க பிரைமரே வேண்டாம்னுதானே சொன்னோம். புதுப் பட்டி மேல அப்படி அடிச்சா பட்டி தண்ணியோட பசையையும் உறிஞ்சிடும், மேல நிறப்பொடி மட்டும் நிக்கும், கையில ஒட்டும். மூணாவது கோட் கேட்கும். பிரைமர் லிட்டர் விலை எமல்ஷனை விடக் குறைவு, மிச்சம் பிடிச்சதா அர்த்தமே இல்ல.

---

நீர்மட்டம்:

இரண்டாவது கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள்: அரை அடி உசரம்.

தரையில் இருக்கும் தண்ணீர் செங்கலின் நுண்துளை வழியாக, திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, மேலே ஏறுகிறது. சுவரின் முகத்துக்கு வந்து ஆவியாகிறது. தண்ணீர் போய்விடும், அது கொண்டுவந்த உப்பு போகாது. பூச்சுக்குள் படிகமாக வளர்ந்து பூச்சையே உடைத்துத் தள்ளும். இரண்டடி உயரம் என்பது ஏறுகிற தண்ணீரும் ஆவியாகிற தண்ணீரும் சமமாகிற இடம். உள்பக்கம் அந்த இரண்டடியை பிளாஸ்டிக் மாதிரி அடைத்தால் ஆவியாக வழியில்லாமல் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். அடுத்த மழைக்கு உப்புக் கோடு மூன்றடியில் இருக்கும், நீங்கள் அடித்த பெயிண்டும் பட்டியோடு பாளமாகக் கீழே கிடக்கும். பிவிசி பலகை வைத்து மறைப்பதும் இதே கதைதான், பின்னால் பூசணமும் சேரும்.

வீட்டுக்குள் சாதாரண ஈரப்பதமா, சுவர் ஈரமா என்று பார்க்க வேண்டுமானால் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நின்றால் காற்று ஈரம். உங்களுக்கு எது வரும் என்று ஒட்டாமலேயே சொல்லிவிடலாம்.

இந்த 16 நாளில் மண்வெட்டி எடுத்துச் செய்கிற வேலைதான் அந்தச் சுவருக்குப் பயன்படும். வெளியே சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தரைக்கு அரை அடியாவது கீழே இறக்குங்கள். அஸ்திவாரம் வரை தோண்டிவிடாதீர்கள். சரிவு சுவரை விட்டு வெளியே ஓடும்படி இருக்கட்டும். துவைக்கிற கல்லின் தண்ணீரும் பம்பின் வழிசலும் ஒரு வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குப் போகட்டும். கல்லையே நாலடி தள்ளிப் போட முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை, செலவு கிடையாது.

உள்பக்கம் பொருபொருவென்று இருக்கும் பூச்சை மட்டும் தட்டி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி, செய்தித்தாளில் வாங்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போகும். ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம், புது உப்பைச் சேர்க்கிற வேலை. பட்டி வேண்டாம், சிமென்ட் பூச்சும் வேண்டாம். அந்தக் குழி குழியான சுவர் மேலேயே சுண்ணாம்பை அடித்துவிடுங்கள். பொங்கலுக்கு வெள்ளையாக இருக்கும், அழகாக இருக்காது. பண்டிகைக்கு நெல் மூட்டையோ பீரோவோ முன்னால் நிற்கட்டும், சுவரோடு ஒட்டாமல் அரை அடி தள்ளி.

சுவர் காய எவ்வளவு நாள் என்றால், கட்டட வேலையில் வழக்கமாகப் போடும் கணக்கு ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம். உங்களுடையது ஒன்பது அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் காற்று பட்டால் நாலைந்து மாதம். சித்திரை, வைகாசி வெயிலை முழுக்க வாங்கட்டும். ஆடியில் அந்த பாலிதீன் சோதனையைச் செய்து, வறண்டிருந்தால் உப்புக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பழைய பூச்சை எடுத்துவிட்டு, கழுவிய மணலில் புதுப் பூச்சு பூசுங்கள். பழைய பூச்சில் ஏறிய உப்பு அதில்தான் இருக்கிறது, அதை விட்டுவைத்தால் காற்று ஈரத்தையே குடித்து மறுபடி பூக்கும். புதுப் பூச்சுக்கு மேல் பெயிண்ட் என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும். வடகிழக்கு மழைக்கு முன்னால் முடித்துவிடலாம்.

---

கொல்லைப்பக்கம்:

சரிங்க, நாளைக்கே மண் வெட்ட ஆரம்பிக்கிறோம். கடைசியா ஒண்ணு. சுண்ணாம்பு ஊற வைக்க வீட்டுல பெரிய அலுமினிய குண்டான் இருக்கு, அது ஓகேயா?

---

நீர்மட்டம்:

அலுமினியம் கூடவே கூடாது. சுண்ணாம்பு அதை அரித்து நுரைத்துக் கிளம்பும். மெல்லிய பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், நீறும்போது வருகிற சூட்டில் இளகிவிடும். பழைய இரும்பு டிரம், இல்லையென்றால் சிமென்ட் தொட்டி.

முதலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கல்லை ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளிப் போடுங்கள். கல்லைக் குவித்து வைத்து மேலே தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. பிள்ளைகளும் கோழியும் அந்தப் பக்கம் வராமல் மேலே பலகை போட்டு மூடி வையுங்கள். மிஞ்சினால் கொட்ட வேண்டாம், மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால் கெடாது. வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் ஆகும்.